ஜெனீவாவுக்குச் சொல்வதை மாரிக்குப்பத்துக்கும் சொல்லட்டும்

விடியும் முன்னே ரயிலேறிப் பெங்களூரு போய், இருட்டிய பிறகு வீடு திரும்பும் தங்கவயல் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

இருபத்திரண்டு வருஷம் நானும் உங்களோடு அந்த ரயிலில் போய்வந்தவன். மாரிக்குப்பத்தில் ஏறி உட்கார்ந்தால், சாம்பியன், உரிகம், கோரமண்டல், பெமல் நகர் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிபன் டப்பாவும் பாதித் தூக்கமுமாகக் கூட்டம் ஏறும். பங்காருப்பேட்டை வருவதற்குள் நிற்க இடமிருக்காது. பெங்களூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றேன். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மறுபடியும் அதே ரயிலில் வந்தபோது எதிர் சீட்டில் இருந்த ஒரு தம்பி சொன்னது என் மனதைவிட்டுப் போகவே இல்லை. "நம்ம ஊரே சப்சிடியில வாழ்ந்த ஊருண்ணா. எத்தனை நாளைக்குத்தான் கவர்மென்ட் சும்மா சோறு போடும்? அதான் மூடிட்டாங்க."

அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் பிறக்கும் முன்பே, 2001 பிப்ரவரி 28 அன்று, தங்கச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அவன் கேள்விப்பட்டதைச் சொன்னான். அவனிடம் அப்படிச் சொல்லிவைத்தவர்கள் கணக்கைப் பாதி மட்டுமே சொன்னார்கள். மீதியைச் சொல்லத்தான் இந்த மடல். இதைப் பழைய பெருமை பேச எழுதவில்லை. இன்று நம் ஊர் மண்ணுக்கும் நிலத்துக்கும் புதிதாக ஆள் வரும் நேரம். இந்த நேரத்தில் நமக்குக் கணக்குக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பழைய கணக்கு. ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் தொடங்கி நடத்திய சுரங்கங்களை 1956இல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1962இல் மத்திய நிதி அமைச்சகத்தின் கைக்குப் போயின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் ஆயிற்று. நிதி அமைச்சகத்துக்குச் சுரங்கம் எதற்கு என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததில்லை. பிறகு கணக்கு வேலைக்குப் போனதும் புரிந்தது. அந்தக் காலத்தில் தங்கம் என்பது நாட்டின் அந்நியச் செலாவணி. சர்வதேச நாணய நிதியம் வைத்த விலை அவுன்ஸுக்கு 35 டாலர். நம் ரூபாயில் அது தோலாவுக்கு 62 ரூபாய் 50 காசு, பத்து கிராமுக்கு 53 ரூபாய் சொச்சம். 1962 வாக்கில் கடைவீதியில் பத்து கிராம் தங்கம் ஏறக்குறைய 120 ரூபாய்க்கு விற்றது. தங்கவயல் தங்கம் கடைவீதிக்குப் போகவில்லை. சர்வதேச விலைக் கணக்கில் அரசின் கையிருப்புக்குப் போனது. வெட்டியெடுக்க ஆன செலவுக்கு அந்த விலை கட்டாது. குறைந்த பணத்தைக் கஜானாவிலிருந்து ஈடுகட்டினார்கள். அந்தப் பணத்துக்கு ஏட்டில் எழுதிய பெயர் மானியம்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒருவன் விளைத்த பொருளைச் சந்தை விலையில் பாதிக்கும் குறைவாக எடுத்துக்கொள்கிறீர்கள். அவன் கை கடிக்கிறது. அதற்குக் கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டு, "இவனை நான்தான் தாங்குகிறேன்" என்று எழுதிவைக்கிறீர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். கூண்டில் இறங்கி, பாறையே அனலாகக் கொதிக்கும் இடத்தில், எந்த நேரம் பாறை வெடித்துச் சிதறுமோ என்ற பயத்தோடு என் அப்பா வேலை செய்தார். வேலை முடிந்து வந்தால் வீட்டு வாசலில் கால்சட்டையை உதறுவார். சாம்பல் நிறத்தில் ஒரு தூசி எழும்பும். அம்மா அதன் மேல் தண்ணீர் தெளித்த பிறகுதான் எங்களை வெளியே விடுவாள். அந்தத் தூசி கடைசியில் அவர் நெஞ்சிலேயே தங்கியது. அரசு அவருக்கு மானியம் கொடுத்ததா, அவர் அரசுக்குக் கொடுத்தாரா என்று ஒருவரும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கடைசி இருபது, இருபத்தைந்து வருஷத்தில் நஷ்டம் உண்மையான நஷ்டம்தான். ஆரம்ப காலத்தில் ஒரு டன் பாறையில் நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம் சில கிராமாகத் தேய்ந்துவிட்டது. ஆழம் கூடக் கூட, தண்ணீர் இறைக்கவும் காற்று செலுத்தவும் ஆன செலவு ஏறிக்கொண்டே போனது. 1992இல் நலிந்த நிறுவனம் என்று அறிவித்தார்கள். 2000ஆம் ஆண்டு மூடலாம் என்று பரிந்துரை வந்தது. மூடியபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலையிழந்தார்கள். இதை நான் மறைக்கவில்லை. எத்தனை வருஷம் விலையால் வந்த நஷ்டம், எந்த வருஷத்திலிருந்து பாறையால் வந்த நஷ்டம் என்று பிரித்துக்காட்டும் ஒரு கணக்கு நம் லைன் வீடுகளில் யார் கைக்காவது வந்ததா? வந்திருந்தால், மூடும்போது நாம் கேட்ட இழப்பீட்டுக்கு வேறு பலம் இருந்திருக்கும். "தானம் வாங்கித் தின்றவர்கள்" என்ற பெயரும் நம் தலையில் விழுந்திருக்காது.

நம்மிடம்தான் யாரும் சொல்லவில்லை. ஆனால் தங்கச் சுரங்க மானியத்தைப் பற்றி உலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற விதி அப்போதே இருந்தது. 1947 டிசம்பரிலேயே நாணய நிதியம் ஓர் அறிக்கை விட்டது: எந்த நாடாவது தன் தங்கச் சுரங்கங்களுக்கு மானியம் கொடுக்க நினைத்தால் முதலில் நிதியத்தைக் கலந்து பேச வேண்டும். மானியம் என்ற பெயரில் தங்கத்தின் விலையை ஏற்றிக் கொடுத்தால் 35 டாலர் விலை ஒப்பந்தம் குலைந்துவிடும் என்று பயந்தார்கள். கனடா 1948இல் தன் தங்கச் சுரங்கங்களுக்கு உதவச் சட்டம் போட்டபோதும் இந்தக் கேள்வி எழுந்தது. சுரங்க மானியத்தை நிதியம் இருக்கும் வாஷிங்டனில் உட்கார்ந்து பேசலாம், சுரங்கத்துக்குள் இறங்குகிறவனுக்கு அதைத் தெரிவிக்க வேண்டியதில்லை. அன்றைய வழக்கம் அப்படி. இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை.

இன்றைய விதி உலக வர்த்தக அமைப்பில் இருக்கிறது. 1995இல் அந்த அமைப்பு பிறந்தபோதே மானியங்களைப் பற்றித் தனி ஒப்பந்தம் ஒன்று போட்டார்கள். அதில் 25ஆவது பிரிவை நீங்கள் எல்லோரும் ஒரு தடவை படிக்க வேண்டும். உறுப்பு நாடு ஒவ்வொன்றும் தான் கொடுக்கும் குறிப்பிட்ட மானியங்களை அந்த அமைப்பு இருக்கும் ஜெனீவாவுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். இப்போதைய நடைமுறையில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, ஜூன் 30க்குள். மானியம் எந்த வடிவில் போகிறது, பணமா, கடனா, வரித் தள்ளுபடியா? ஒரு பொருளுக்கு எவ்வளவு, அல்லது வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு? எதற்காகக் கொடுக்கிறீர்கள்? எத்தனை வருஷம் ஓடும்? அதனால் வர்த்தகம் எப்படி மாறியது என்று மதிப்பிடப் புள்ளிவிவரம் எங்கே? இத்தனைக்கும் பதில் வேண்டும். இன்னொரு நாடு எப்போது வேண்டுமானாலும் எழுதிக் கேட்கலாம். கேட்டால் சீக்கிரமாக, முழுசாகப் பதில் தர வேண்டும். அறிக்கை கொடுத்துவிட்டதாலேயே அந்த மானியம் தப்பு என்று ஒப்புக்கொண்டதாகாது என்றும் அதே பிரிவில் எழுதியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வரி அது. வெளியே சொல்வது வேறு, குற்றம் வேறு. நம் ஆபீசுகளில் பலருக்கு இந்த இரண்டும் ஒன்றுதான்.

இந்த விதியை நாடுகள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கின்றன என்று நினைத்துவிடாதீர்கள். பாதிக்கு மேற்பட்ட நாடுகள் கெடு தேதியில் அறிக்கை தருவதில்லை. பணக்கார நாடுகளும் மழுப்புகின்றன. நம் நாடும் மாட்டிக்கொண்டது. கரும்புக்காரர்களுக்கும் சர்க்கரை ஆலைகளுக்கும் என்ன கொடுக்கிறாய் என்று பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா மூன்றும் இந்தியா மேல் வழக்குப் போட்டன. 2021 டிசம்பரில் வந்த தீர்ப்பில் மற்ற குறைகளோடு இதையும் சொன்னார்கள்: கரும்புக்கான உள்நாட்டு ஆதரவை 1995-96க்குப் பிறகு இந்தியா தெரிவிக்கவே இல்லை. இந்தியா மேல்முறையீடு செய்திருக்கிறது. மேல்முறையீட்டு மன்றமோ 2019 டிசம்பரிலிருந்து போதிய உறுப்பினர் இல்லாமல் முடங்கிக் கிடக்கிறது, ஆகவே வழக்கு அந்தரத்தில் நிற்கிறது. மண்டியா கரும்புக்காரரைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். அமெரிக்காவும் ஐரோப்பாவும் தங்கள் விவசாயிகளுக்குக் கொடுப்பதைப் பார்த்தால் நாம் கொடுப்பது கொஞ்சம்தான். ஆனாலும் கால் நூற்றாண்டு கணக்குச் சொல்லாமல் இருந்ததற்கு அது சமாதானமாகாது.

என் வேலையிலேயே ஒன்றைப் பார்த்தேன். 2015இலிருந்து 2020 முடியும்வரை ஏற்றுமதிக்கு ஊக்கமாக 'ஸ்கிரிப்' என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். பணமாகக் கையில் வராது. இறக்குமதி வரி கட்டும்போது அதைக் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் இன்னொருவருக்கு விற்கலாம். சரக்குப் போன மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டு விண்ணப்பிப்பது என் வேலை. அந்தச் சீட்டு வந்த நாளில் எங்கள் கணக்குப் பிரிவில் யாரும் அதை மானியம் என்று சொன்னதில்லை. 'இன்சென்டிவ்' என்போம். அமெரிக்கா போட்ட வழக்கில் 2019 அக்டோபர் 31 அன்று ஜெனீவாவில் தீர்ப்பு வந்தபோது அதை ஏற்றுமதி மானியம் என்றார்கள், கூடாது என்றார்கள். அந்தத் தீர்ப்பின் மேலும் இந்தியா மேல்முறையீடு செய்தது. ஆனால் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டு, 2021 ஜனவரியிலிருந்து ஏற்றுமதிப் பொருள் மேல் விழுந்த உள்நாட்டு வரிகளைத் திருப்பித் தரும் வேறு திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஒரே பணம்தான். கம்பெனிக்குப் போனால் ஊக்கத்தொகை, ஏழைக்கு வந்தால் இலவசம் என்று நாமே பழகிவிட்டோம்.

இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கர்நாடக அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் கிருஹலட்சுமிப் பணம் உங்கள் அம்மா கணக்கில் வந்தால் அதற்கு ஆதார் வேண்டும், ரேஷன் கார்டு வேண்டும், வங்கியில் பெயர் ஒத்துப்போக வேண்டும், பட்டியலில் பெயர் வர வேண்டும். யாருக்குப் போகிறது, எவ்வளவு போகிறது என்பது தெருவுக்கே தெரியும். டீக்கடையில் உட்கார்ந்து அதை விமர்சிக்கவும் செய்வார்கள். ஜெனீவா ஒப்பந்தம் இதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பொதுவாக எல்லோருக்கும் கிடைப்பதை அது கேட்பதில்லை. குறிப்பிட்ட ஒரு கம்பெனிக்கோ ஒரு தொழிலுக்கோ கொடுப்பதைத்தான் கேட்கிறது. பணம் மட்டும் மானியம் என்றும் அது நினைக்கவில்லை. வசூலிக்க வேண்டிய வரியை விட்டுக்கொடுத்தால் மானியம். பொதுவான சாலை, பாலம் போலன்றி, ஒரு கம்பெனிக்கு நிலமோ தண்ணீரோ மின்சாரமோ உரிய விலைக்குக் கீழே கொடுத்தால் அதுவும் மானியம்தான். நம் ஊரில் யாராவது இந்தக் கண்ணால் எதையாவது பார்த்திருக்கிறோமா?

நரசாபுரத்தில் ஐபோன் தொகுக்கும் ஆலை இருக்கிறது. விஸ்ட்ரான் தொடங்கியது, 2023இல் டாடா எலக்ட்ரானிக்ஸ் வாங்கியது. உற்பத்தியோடு இணைந்த ஊக்கத் திட்டம் என்று 2020இல் மத்திய அரசு கொண்டுவந்ததில், கைபேசி செய்பவர்களுக்குக் கூடுதலாக விற்ற சரக்கின் மதிப்பில் 4 முதல் 6 சதவீதம், ஐந்து வருஷத்துக்கு. அதையே பதினான்கு துறைகளுக்கு விரித்தபோது ஒதுக்கிய தொகை சுமார் 1.97 லட்சம் கோடி ரூபாய். வேலை வந்திருக்கிறது, இல்லையென்று யார் சொல்வார்? நம் பெண்பிள்ளைகள் தலைவாரிப் பூவைத்துக் கம்பெனி பஸ் ஏறுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கார், பேட்டரித் துறைகளுக்கான இதே ஊக்கத் திட்டங்களைப் பற்றி 2025 அக்டோபரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் இந்தியா மேல் புகார் கொடுத்தது. உள்நாட்டுப் பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை விதிக்குப் புறம்பு என்கிறது. சீனாவே மானியத்தை எப்படி மறைக்கும் என்று உலகத்துக்குத் தெரியும், அதனால் அதன் நியாயம் எனக்குப் பெரிதில்லை. என்னை உறுத்துவது வேறு. பெய்ஜிங்கில் இருப்பவர் கேள்வி கேட்கலாம், பதிலும் வரும். பக்கத்து ஊரில் இருக்கும் நமக்கு, ஒரு வேலைக்கு எவ்வளவு பொதுப்பணம் போனது, அந்த ஐந்து வருஷம் முடிந்ததும் அந்த வேலை நிற்குமா என்று கேட்கவே தோன்றவில்லை.

இப்போது நம் வாசலுக்கே வருகிறேன். சயனைடு மண் மேடுகளைச் சொல்கிறேன். வெயில் காலத்தில் காற்றடித்தால் வாயில் நறநறக்கும் அந்த மண்ணைத்தான். பாறையை அரைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு நூறு வருஷமாகக் கொட்டியது. அதில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கலாம் என்று பல வருஷமாகப் பேச்சு. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை மத்திய அரசின் யோசனைக்குச் சம்மதித்தது. 13 மேடுகள், ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேலான நிலம், சுமார் 3.3 கோடி டன் மண். இன்னொரு பக்கம் பெமல் நிறுவனம் பயன்படுத்தாமல் வைத்திருந்த தொள்ளாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் தொழிற்பேட்டை என்ற பேச்சு. தொழில் வரட்டும். இருபத்தைந்து வருஷமாக நாம் ரயிலிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தது போதும். ஆனால் வருகிறவருக்கு நிலம் என்ன விலைக்கு? எத்தனை வருஷம் வரி கிடையாது? பேத்தமங்கலத் தண்ணீரில் யாருக்கு எவ்வளவு, என்ன கட்டணத்துக்கு? மேட்டைக் கிளறினால் பறக்கும் தூசிக்கு யார் பொறுப்பு, அதைத் தடுக்கும் செலவு கம்பெனியுடையதா, நம் நகரசபையுடையதா? அந்தச் செலவையும் அரசு ஏற்றால் அதுவும் மானியம்தான், அதையும் எழுதிக் காட்ட வேண்டும்.

இதையெல்லாம் கேட்க நாம் ஜெனீவாவுக்குப் போக வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் நாலாவது பிரிவில் தெளிவாக இருக்கிறது: மானியத் திட்டங்கள் எப்படி நடக்கின்றன, எவ்வளவு ஒதுக்கினார்கள், பலன் பெற்றவர் யார் என்பதை அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும். சலுகையும் அனுமதியும் பெற்றவர்களின் விவரத்தையும் வெளியிட வேண்டும். யாரும் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. அதே சட்டத்தின் எட்டாவது பிரிவில் வணிக ரகசியம் என்று ஒரு கதவு இருக்கிறது, அதன் பின்னால்தான் ஒளிவார்கள். அப்போதும் பொதுநலன் பெரிதென்றால் கொடுத்தாக வேண்டும் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வெளிநாட்டுக்காரர் படிக்கத் தயாராகும் ஆவணத்தில் இருக்கக்கூடிய தொகையை, இங்கே ரகசியம் என்று எப்படிச் சொல்வார்கள்?

ஆகவே தகவல் உரிமை மனுக்கள் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். ஜெனீவாக்காரர்கள் கேட்கும் அதே ஐந்து கேள்விகள்: என்ன வடிவம், எவ்வளவு, எதற்காக, எத்தனை வருஷம், விளைவு என்ன. கடைசிக் கேள்வியில் வர்த்தகம் என்ற இடத்தில் உள்ளூர் வேலை, தண்ணீர், தூசி என்று எழுதியிருக்கிறேன். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம்தான் கேட்கலாம், 150 வார்த்தைக்கு மேல் போகக்கூடாது. கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. முப்பது நாளில் பதில் தர வேண்டும். மண் மேட்டுக்கு ஒன்று, தொழிற்பேட்டை நிலத்துக்கு ஒன்று, சுரங்க அமைச்சகத்துக்குத் தனியாக ஒன்று.

எனக்கு ஓர் உதவி வேண்டும். கன்னடம் பேசுவேன், பஸ் போர்டு படிப்பேன், ஆனால் ஆபீஸ் கன்னடம் எழுத வராது. உங்களில் கன்னட மீடியத்தில் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ரயில் கிடையாது என்று தெரியும், தூங்கும் நாளும் அது ஒன்றுதான் என்றும் தெரியும். பதினோரு மணிக்கு மேல் வாருங்கள். மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் இருப்பேன். தமிழில் எழுதிய மூன்று தாளும், அந்த 25ஆவது பிரிவின் அச்சுப் பிரதியும் கையில் வைத்திருப்பேன். அன்றைக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த தம்பியைத் தெரிந்தவர்கள் அவனையும் கூட்டி வாருங்கள்.

உங்கள் அண்ணன்,
பழைய சீசன் பாஸ்காரன்
மாரிக்குப்பம்